கொமாண்டர் ஃப்ரையும் மேர்க்குரிக் கப்பலும்

சார்ள்ஸ் பேர்ஜஸ் ஃப்ரை என்ற பெயரை இன்று கிரிக்கெட் பார்ப்பவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அந்தப் பெயரைத் தெரியாத பாடசாலை மாணவன் இருந்திருப்பானா என்பதே சந்தேகம். அவர் துடுப்பாட்ட வீரர். இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். உதைபந்தாட்டத்திலும் தன் நாட்டுக்காக விளையாடியவர். நீளம் பாய்தலில் உலக சாதனையைச் சமன் செய்தவர். கிரேக்கமும் இலத்தீனும் கற்ற அறிஞர், பத்திரிகை ஆசிரியர், தேர்தலில் நின்றவர். இவற்றோடு அரச கடற்படையின் சேமப் பிரிவில் கௌரவக் கொமாண்டர் பதவி பெற்று, 42 ஆண்டுகள் ஒரு பயிற்சிக் கப்பலுக்குப் பொறுப்பாக இருந்தவர். இந்தக் கடைசி விடயத்தைத்தான் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்றிரண்டு வரிகளில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதுவே அவரது வாழ்க்கையின் நடுப்பகுதியாகத் தெரிகிறது.

எங்கள் வாப்பாவுக்கு ஃப்ரை மீது பெரும் மதிப்பு உண்டு. ஒரு மனிதன் எல்லாவற்றிலும் கெட்டிக்காரனாக இருக்கலாம் என்பதற்கு அவர் காட்டும் உதாரணம் இவர்தான். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கட்டுரைப் போட்டி, கிராஅத் போட்டி, ஆங்கில விவாதம் என்று எதையும் விடக்கூடாது என எனக்குச் சொல்லும்போதெல்லாம் ஃப்ரை வந்து நிற்பார். அப்படி வந்து நின்றவரைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வாப்பா சொன்ன ஃப்ரையும் நான் கண்ட ஃப்ரையும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனார்கள்.

ஃப்ரை 1872 ஏப்ரல் 25 இல் இலண்டனுக்குத் தெற்கே உள்ள குரொய்டனில் பிறந்தார். குடும்பம் பழமையானது, பணம் பழங்கதையாகிவிட்டது. புலமைப்பரிசில் பெற்றுத்தான் றெப்டன் பாடசாலையில் படித்தார். பின்னர் மீண்டும் புலமைப்பரிசில் பெற்று 1891 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் வாதம் கல்லூரிக்குப் போனார். அந்தப் பரீட்சையில் அவருக்குப் பின்னால் இடம்பெற்றவர்களில் ஒருவர், பிற்காலத்தில் பேர்க்கன்ஹெட் பிரபு என்ற பெயரில் பிரித்தானியாவின் உயர் சட்டப் பதவியை வகித்த எஃப்.ஈ. ஸ்மித்.

ஒக்ஸ்போர்ட்டில் அவர் செய்தவற்றை வரிசைப்படுத்தினால் நம்புவது கடினம். கிரிக்கெட், உதைபந்தாட்டம், மெய்வல்லுநர் போட்டி ஆகிய மூன்றிலும் பல்கலைக்கழகத்தின் நிறத்தைப் பெற்றார். றக்பியிலும் பெற்றிருப்பார், காயம் தடுத்துவிட்டது. 1893 இல் 23 அடி 6½ அங்குலம் பாய்ந்து அக்கால உலக சாதனையைச் சமன் செய்தார். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 7.17 மீற்றர். எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியில் மணற்குழி முடிகிற இடம் எதுவென்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தூரம் என்னவென்று விளங்கும். அதே ஆண்டு இடைநிலைப் பரீட்சையில் முதலாம் வகுப்பிலும் சித்தியடைந்தார்.

பிறகு 1895 வந்தது. இறுதிப் பரீட்சையில் ஃப்ரைக்குக் கிடைத்தது நாலாம் வகுப்பு. முதலாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புக்கு இரண்டே ஆண்டுகள். கடன் கழுத்தை நெரித்தது. தாயார் நோயுற்றிருந்தார். மனமும் உடைந்து போயிருந்தது. விழா மேடைகளில் ஃப்ரையை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்த ஆண்டைச் சொல்வதில்லை. பரீட்சை மண்டபத்துக்குப் போகப்போகும் எங்களைப் போன்றவர்களுக்கு இதையும் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். உலக சாதனையாளரும் ஒரு காலைப்பொழுதில் வினாத்தாளைப் பார்த்துக் கையறு நிலையில் இருந்திருக்கிறார்.

அவரைக் கிரிக்கெட் தூக்கி நிறுத்தியது. 1896 இல் தென்னாபிரிக்காவில் முதல் டெஸ்ட் போட்டி விளையாடினார். சிறிது காலம் ஒரு பாடசாலையில் ஆசிரியராக இருந்தார்; சம்பளம் போதாமல் அதை விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கினார். சசெக்ஸ் மாவட்ட அணிக்காக விளையாடினார். அங்கேதான் அவருக்கு ரஞ்சித்சிங்ஜி தோழரானார். நவாநகர் சமஸ்தானத்து இளவரசரான ரஞ்சியும் அதே 1872 இல் பிறந்தவர். 1896 இல் மான்செஸ்டரில் தன் முதல் டெஸ்ட் போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்கள் எடுத்துத் திகைக்க வைத்தவர் அவர். ரஞ்சியின் மணிக்கட்டு ஒரு கவிஞனுடையது என்றால், ஃப்ரையின் துடுப்பு ஒரு கணித ஆசிரியருடையது. தன் ஒவ்வோர் அடியையும் சிந்தித்து, பிரித்து, மறுபடி பூட்டியவர் ஃப்ரை. 1897 இல் ரஞ்சியின் பெயரில் வெளிவந்த புகழ்பெற்ற கிரிக்கெட் நூலை எழுத உதவியவரும் அவரே. ஒருவர் ஆங்கிலேயர், மற்றவர் அவர்களால் ஆளப்பட்ட நாட்டவர். அந்தக் காலத்தில் இவ்விருவரும் ஒரே அணியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியதை இலட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள்.

ஃப்ரையின் பந்துவீச்சுக்கு ஒரு கெட்ட காலமும் வந்தது. 1898 இல் ஜிம் பிலிப்ஸ் என்ற நடுவர், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று முறையற்ற பந்தாக அறிவித்தார். பந்துவீச்சு போனது, துடுப்பாட்டம் இன்னும் வளர்ந்தது.

1901 ஆம் ஆண்டுப் பருவகாலத்தில் அவர் 3,147 ஓட்டங்களைக் குவித்தார். அவற்றில் 13 சதங்கள். அவற்றுள்ளும் ஆறு சதங்கள் தொடர்ச்சியாக ஆறு இன்னிங்ஸ்களில் வந்தவை: 106, 209, 149, 105, 140, 105. பின்னாளில் பிரட்மனும் மைக் புறொக்டரும் இந்த ஆறைச் சமன் செய்தார்கள். அவர்களைப் போன்றோர் வந்தும் இதனை மிஞ்ச முடியவில்லை. அதே 1901 மார்ச்சில் அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து உதைபந்தாட்ட அணியிலும் விளையாடினார். அடுத்த ஆண்டு சவுத்ஹம்ப்டன் அணிக்காக இங்கிலாந்துக் கிண்ண இறுதிப் போட்டியில் ஆடினார். முதல் ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிய, மறு ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைட்டெட் 2-1 என வென்றது.

மொத்தமாக 26 டெஸ்ட் போட்டிகள், இரண்டு சதங்கள். முதல்தரப் போட்டிகளில் 30,886 ஓட்டங்கள், 94 சதங்கள், சராசரி 50.22. மூடிப் பாதுகாக்காத, மழையில் நனைந்து காய்ந்த ஆடுகளங்களில் எடுத்த சராசரி இது. 1912 இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகள் பங்குபற்றிய போட்டித் தொடரில் ஆறு டெஸ்ட்களுக்கு அவர் தலைமை தாங்கினார். நான்கில் வெற்றி, இரண்டு வெற்றி தோல்வியின்றி முடிந்தன. தலைவராக அவர் தோற்றதே இல்லை.

ஆனால் இவ்வளவு பெரிய வீரர் ஒரு முறையேனும் விளையாட அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறவில்லை. அழைப்புகள் வராமல் இல்லை. எழுத்து வேலையும் குடும்பமும் ஒரு காரணம். 1908 க்குப் பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்தது: மேர்க்குரிக் கப்பல்.

எங்கள் பகுதியில் கடற்படை என்றால் காரைநகர் முகாம் ஞாபகத்துக்கு வரும். வெள்ளைச் சீருடையும் பீரங்கிப் படகும் ஞாபகத்துக்கு வரும். மேர்க்குரி அப்படிப்பட்ட கப்பல் அல்ல. 1885 இல் சார்ள்ஸ் ஹோர் என்ற வங்கியாளர், வறிய குடும்பத்துச் சிறுவர்களைக் கடற்படைக்கும் வணிகக் கப்பல்களுக்கும் பயிற்றுவிக்க ஆரம்பித்த பாடசாலை அது. ஹம்ப்ஷயரில் ஹம்பிள் ஆற்றில் நங்கூரமிட்டு நின்றது. பிள்ளைகள் இரவில் கப்பலில் ஊஞ்சற்படுக்கைகளில் உறங்குவார்கள். பகலில் கரையில் பாடம், கயிறு முடிச்சு, படகு ஓட்டுதல், அணிவகுப்பு. பாட்டும் வாத்தியமும் கூட உண்டு. ஆற்றங்கரையில் அவர்களுக்கென ஒரு நாடக அரங்கே இருந்தது.

ஹோரோடு சேர்ந்து இதை நடத்தியவர் பியாட்ரிஸ் சம்னர் என்ற பெண். அவ்விருவரின் உறவு பற்றி நீதிமன்றம் வரை கதை போனது. அதை இங்கே விரிக்க நான் விரும்பவில்லை. 1898 இல் ஃப்ரை பியாட்ரிஸை மணந்தார். அவருக்குக் கணவரைவிடப் பத்து வயது அதிகம். கடனில் மூழ்கியிருந்த இளைஞனுக்கு இந்தத் திருமணம் கைகொடுத்தது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். 1908 இல் ஹோர் காலமானார். மேர்க்குரியின் பொறுப்பு ஃப்ரையின் கைக்கு வந்தது. கௌரவப் பதவியும் சீருடையும் வந்தன. நெடிய உருவம், நேரான முதுகு. அவருக்கு அந்தச் சீருடை மிகவும் பொருந்தியது என்று படங்களைப் பார்த்தால் தெரிகிறது. போர்க்கப்பலில் நின்று ஒரு சண்டையையும் அவர் காணவில்லை. ஆனாலும் அதற்குப் பின் அவர் கொமாண்டர் ஃப்ரை என்றே அழைக்கப்பட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். கொமாண்டர் வெளியே இருந்தார். கிரிக்கெட் ஆடினார், பத்திரிகை நடத்தினார், ஜெனீவாவுக்குப் போனார், தேர்தலில் நின்றார். கப்பலை நாளாந்தம் நடத்தியது பியாட்ரிஸ். விடிவதற்கு முன் எழுந்து, பிள்ளைகளின் உணவு, உடை, பாடம், இசை, தண்டனை அனைத்தையும் அவரே தீர்மானித்தார். சம்பளமோ பதவியோ அவருக்கு இருக்கவில்லை. கடற்படையில் ஒரு பெண்ணுக்கு அந்நாளில் அப்படியொரு பதவி கொடுக்கும் வழக்கமும் இல்லை. அவர் செய்த வேலைக்குப் பெயர் வேறொருவரின் தோளில் தங்கநிறப் பட்டியாக ஏறியது.

இதை வாசித்தபோது எனக்கு என் நானாவின் வெள்ளை உடுப்பு ஞாபகம் வந்தது. புத்தூரின் மண் செம்மண். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நல்ல மண். வெள்ளைக் காற்சட்டைக்குக் கெட்ட மண். நானா ஞாயிற்றுக்கிழமை பாய்ந்து விழுந்து ஒரு பிடி எடுத்தால், திங்கட்கிழமை முழுவதும் உம்மா அந்த முழங்காற் கறையோடு போராடுவா. ஊற வைப்பா, சவர்க்காரம் போடுவா, தேசிக்காய் தேய்ப்பா. அந்தப் பிடியைப் பற்றி வீட்டில் ஒரு கிழமைக்குப் பேசுவோம். கறையைப் பற்றி உம்மாவும் பேசமாட்டா.

ஆனால் பியாட்ரிஸை என் உம்மாவோடு ஒப்பிட்டுவிட்டு அப்படியே போய்விட முடியாது. ஏனென்றால் அவர் அன்பான பெண்மணியாக நினைவில் நிற்கவில்லை. மேர்க்குரியில் பயின்ற பழைய மாணவர்கள் முதியவர்களான பின்பு சொன்னவை கடுமையானவை. பிரம்படி சாதாரணமாக இருந்தது. தவறு செய்த சிறுவனைத் தன்னைவிட வலிய ஒருவனோடு குத்துச்சண்டை மேடையில் ஏற்றிவிடுவதும் தண்டனையாக இருந்தது. குளிர், அரைப்பசி, ஓயாத வேலை. அந்தக் காலத்துக் கடற்படைப் பயிற்சியே கடினமானதுதான். இங்கே அதற்கும் மேலே ஒன்று இருந்ததாக அவர்கள் எண்ணினார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அவர்கள். வறிய வீட்டிலிருந்து வந்தவர்கள். திரும்பிப் போவதற்குப் பலருக்கு வீடு ஒன்று இல்லை.

கொமாண்டர் இதைத் தடுத்தாரா? தடுத்ததாக எங்கும் நான் வாசிக்கவில்லை. பிள்ளைகள் அவரை வணங்கினார்கள். அவர் வந்தால் கிரிக்கெட் சொல்லிக் கொடுப்பார், கதை சொல்வார், மைதானத்தில் வெயில் வந்ததுபோல் இருக்கும். வந்தவர் போய்விடுவார். அந்த வெயிலில் குளிர்காய்ந்தவர்கள் அவரை மன்னித்துவிட்டார்கள். முழுப் பழியும் நாள் முழுவதும் அங்கே நின்ற பெண்மீது விழுந்தது. பியாட்ரிஸ் செய்த கொடுமைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சீருடையும் சம்பளமும் புகழும் ஒருவருக்கு, வெறுப்பு மற்றவருக்கு என்ற இந்தப் பங்கீடு எனக்குச் சரியாகப் படவில்லை. அவ்வளவுதான்.

பயிற்சி எதற்காக என்பதையும் மறக்கக்கூடாது. 1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டது. அக்காலத்தில் பிரித்தானியக் கடற்படை பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவர்களைப் போர்க்கப்பல்களில் ஏற்றியது. 1916 மே 31 இல் நடந்த ஜட்லாண்ட் கடற்சமரில் செஸ்டர் என்ற கப்பலின் பீரங்கியருகே படுகாயமடைந்து இறந்த ஜாக் கோர்ன்வெல்லுக்கு வயது 16. அவன் மேர்க்குரியில் படித்தவன் அல்லன். ஆனால் மேர்க்குரியில் பயின்ற பிள்ளைகள் போய்ச் சேர்ந்ததும் அதே கடற்படைக்குத்தான். அவன் வயது எனக்கு ஒரு வயது குறைவு. அவனுக்கு நாட்டின் அதியுயர் வீர விருது இறந்த பின்னர் கிடைத்தது. நாற்பதைத் தாண்டிய ஃப்ரை போர் முடியும்வரை ஹம்பிள் ஆற்றங்கரையில் இருந்து சிறுவர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்.

போருக்குப் பின் ரஞ்சி திரும்ப வருகிறார். இப்போது அவர் நவாநகரின் ஜாம் சாகிப், அதாவது அரசர். நாடுகளின் சங்கம் ஜெனீவாவில் கூடியபோது இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராக அவர் சென்றார். உரை எழுதவும் ஆலோசனை சொல்லவும் பழைய தோழன் ஃப்ரையையும் அழைத்துப் போனார். அங்கேதான் அல்பேனியக் கதை நடக்கிறது. அல்பேனியா 1912 இல் உதுமானியப் பேரரசிலிருந்து பிரிந்த நாடு. மக்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். தங்களுக்கு அரசராக இருக்க ஆண்டுக்கு பத்தாயிரம் பவுண் வருமானமுள்ள ஆங்கிலக் கனவான் ஒருவரைத் தேடி அவர்களது தூதுக்குழு வந்ததாகவும், அந்த முடி தனக்குக் கிட்டும் தூரத்தில் இருந்ததாகவும் ஃப்ரை எழுதினார். பத்தாயிரம் பவுண் அவரிடம் இல்லை. ரஞ்சி கொடுக்கவில்லை. ஆகவே அரசராகவில்லை! பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் இந்தக் கதையை உப்புச் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அல்பேனியாவுக்கு 1928 இல் அதன் சொந்த மைந்தரான அஹ்மத் ஸோகு அரசரானார். அந்த நாட்டு மக்கள் தப்பினார்கள் என்றே நான் நினைக்கிறேன். தன் கப்பலையே மனைவியிடம் விட்டவர் ஒரு தேசத்தை யாரிடம் விட்டிருப்பார்?

லிபரல் கட்சி சார்பில் 1922 இல் பிரைட்டன், 1923 இல் பன்பரி, 1924 இல் ஒக்ஸ்போர்ட் என மூன்று முறை தேர்தலில் நின்றார். மூன்றிலும் தோல்வி.

1920 களின் பிற்பகுதியில் ரஞ்சியின் அழைப்பில் இந்தியா போனார். அங்கே அவரது மனம் மறுபடி உடைந்தது. இம்முறை மிகக் கடுமையாக. தன்னைச் சுற்றியுள்ள இந்தியர்கள் தனக்குத் தீங்கு செய்ய வருகிறார்கள் என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. தன் வாழ்நாள் தோழன் ஓர் இந்தியன் என்பதை நோய் மறைத்துவிட்டது. இங்கிலாந்துக்குத் திரும்பியும் ஆண்டுக்கணக்கில் அவர் குணமடையவில்லை. பிறரது கண்காணிப்பில் இருக்க வேண்டியதாயிற்று. அவரது உடை, நடத்தை எல்லாம் விநோதமாயின. 1933 ஏப்ரலில் ரஞ்சி காலமானார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள நிலாவரைக் கிணற்றை வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். மேலே நன்னீர், ஆழத்துக்குப் போகப் போக உவர்நீர். இறைப்பவர்களுக்கு மேல்நீர் மட்டும்தான் தெரியும். ஃப்ரையைப் பற்றி வந்த புகழுரைகளில் பல அப்படி மேலோடு இறைத்தவை. அவர் நோயாளியாக இருந்த அந்த ஆண்டுகள் பற்றி அவரே தன் சுயசரிதையில் மௌனமாக இருந்துவிட்டார். மனநோயை வெட்கமாகக் கருதிய காலம் அது. நம்மிடத்திலும் அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அயலாருக்குச் சொல்வோம், மனம் சரியில்லை என்றால் கதவைச் சாத்துவோம். அந்தக் கதவுக்குள் இருந்து 1934 அளவில் ஃப்ரை எழுந்து வந்தார் என்பது அவரது 94 சதங்களையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மீண்டும் பேனாவைப் பிடித்தார். இலண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் அவர் எழுதிய கிரிக்கெட் பத்தியை மக்கள் விரும்பி வாசித்தார்கள். அந்த ஆறேழு ஆண்டுகளும் கப்பல் நின்ற இடத்தில் நின்றது, பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். அதை யார் பார்த்துக்கொண்டார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த 1934 ஆம் ஆண்டிலேயே அவரது வாழ்க்கையில் நான் ஏற்றுக்கொள்ள முடியாத அத்தியாயமும் வருகிறது. இரு நாட்டு இளைஞர் இயக்கங்களையும் இணைக்கலாம் என்ற எண்ணத்தில் ஜேர்மனிக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்தார். அணிவகுத்த இளைஞர்களையும் ஒழுங்கையும் கண்டு மயங்கினார். ஜேர்மனியர் டெஸ்ட் கிரிக்கெட் விளையாட வேண்டும் என்று ரிபன்ட்ரொப்புக்கு யோசனை சொன்னார். சிரிக்கத் தோன்றும், அதன் பிறகு சிரிப்பு நின்றுவிடும். 1935 இல் நியூரம்பேர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. 1938 நவம்பரில் அவர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் எரிந்தன. 1939 இல் வெளியான ஃப்ரையின் சுயசரிதையில் ஹிட்லரைப் பற்றிய நல்ல வார்த்தைகள் அப்படியே இருந்தன.

அறியாமல் எழுதிவிட்டார், அக்காலத்தில் பலர் அப்படித்தான் இருந்தார்கள் என்று வாப்பா சொல்லிப் பார்த்தார். பலர் அப்படி இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தை வேண்டாதவர்கள் என்று பிரித்து வெளியே அனுப்புவது என்னவென்று எங்கள் வீட்டில் யாரும் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது உம்மா சிறுபிள்ளை. உம்மும்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவ, புத்தளத்தில் வளர்ந்து, என்னை யாழ்ப்பாணத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தா. ஆகவே அழகான சீருடை, நேரான அணிவகுப்பு, ஒழுங்கு என்று யாராவது புகழ்ந்தால் அந்த ஒழுங்குக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று கேட்கத்தான் எங்களுக்குத் தோன்றும். கிரேக்கமும் இலத்தீனும் கற்றவருக்கு அது தோன்றவில்லை. இதை நான் சொன்ன பிறகு வாப்பா ஒன்றும் பேசவில்லை. வாப்பா பேசாமல் இருப்பது அபூர்வம்.

இன்னொன்றையும் இங்கே குறித்து வைக்கிறேன். அதே 1934 டிசம்பர் 28 இல் பிரிஸ்பேனில் இங்கிலாந்து, அவுஸ்திரேலியப் பெண்கள் அணிகள் மோதிய முதலாவது பெண்கள் டெஸ்ட் போட்டி தொடங்கியது. ஃப்ரை ஒரு தடவையும் விளையாடப் போகாத அவுஸ்திரேலியாவுக்கு ஆங்கிலேயப் பெண்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். 2024 ஜூலையில் தம்புள்ளையில் எங்கள் நாட்டுப் பெண்கள் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை ஏந்தியபோது, எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் அதிகம் சத்தமிட்டது நானா அல்ல, உம்மா.

ஃப்ரையின் முதுமை இதமாகவே கழிந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீபீசி வானொலியின் கேள்வி பதில் நிகழ்ச்சியில் பேசினார்; குரலும் அறிவும் மக்களைக் கவர்ந்தன. நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாகத் துள்ளி, குளிர்காயும் அடுப்பின் மேலுள்ள உயரத் தட்டில் ஏறி நின்று தலைவணங்கும் வித்தையை எழுபது வயதிலும் செய்து காட்டினார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அவரைப் பற்றிச் சொல்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. எங்கள் குசினி மேடையைப் பார்க்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் அளந்து பார்ப்பதுண்டு.

பியாட்ரிஸ் 1946 இல் காலமானார். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. இறுதிக்காலம் வரை கப்பலோடுதான் இருந்தார். அவர் போய் நான்கு ஆண்டுகளில், 1950 இல், ஃப்ரை பொறுப்பிலிருந்து விலகினார். 1956 செப்டெம்பர் 7 இல் இலண்டனில் காலமானார். புலமைப்பரிசில் பையனாகப் படித்த றெப்டனுக்கே அவரது சாம்பல் திரும்பிப் போனது. அவரது மகன் ஸ்டீஃபன் ஹம்ப்ஷயர் அணிக்கு விளையாடினார். பேரன் பிற்காலத்தில் எம்.சி.சி. கழகத்தின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார்.

மேர்க்குரிப் பாடசாலை 1968 இல் மூடப்பட்டது. பிள்ளைகள் உறங்கிய கப்பல் மட்டும் மிஞ்சியது. அது 1878 இல் கட்டப்பட்டு, கன்னெற் என்ற பெயரில் செங்கடலில் ஓடி, 1888 இல் சூடானின் சுவாக்கின் துறைமுகத்தருகே குண்டு முழங்கிய போர்க்கப்பல். முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர்தான் ஹம்பிள் ஆற்றுக்கு வந்து சேர்ந்தது. இப்போது அதைப் பழைய கோலத்துக்குத் திருத்தி, இங்கிலாந்தின் சத்தம் கப்பற்பட்டறையில் வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் மேல்தளத்தில் பாய்மரங்களையும் பீரங்கிகளையும் பார்க்கலாம். படியிறங்கிக் கீழே போனால், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுவர்கள் ஊஞ்சற்படுக்கை கட்டித் தூங்கிய தளத்திலும் நிற்கலாம்.